மூன்றாவது நட்சத்திரத்தை மாற்றியவன்

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் தயாரித்த பட்டியலில், அவருக்குத் தெரியாமல் ஒரே ஒரு வரியை மாற்றினேன். அதனால் ஒரு பெரிய தொலைநோக்கியில் எங்களுக்குக் கிடைத்திருந்த ஒரே இரவு வீணாயிற்று. கேட்டவர்களிடம் பட்டியல் அந்தப் பெண்ணுடையது என்று சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். அந்தப் பெண்ணும் நம்பினார். பதினேழு ஆண்டுகள், தவறு தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு நன்றாகக் கைவந்த கலை என்பதால் இப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தேன். வானத்தை ஆராய்கிறவன் என்றதும் கல்யாண வீடுகளில், “மாமா, சனிப் பெயர்ச்சி எங்க ராசிக்கு எப்படி?” என்று கேட்பார்கள். “நான் பாக்கறதெல்லாம் சனிக்கு ரொம்ப அந்தப் பக்கம்” என்பேன். எங்களிடம் பெரிய தொலைநோக்கி கிடையாது. தென் அமெரிக்காவில் ஒரு மலைமேல் இருந்த தொலைநோக்கியில் ஓர் இரவு வேண்டும் என்று வெளிநாட்டுக் குழு ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பித்து, மூன்றாவது முறை கிடைத்தது. அந்த இரவுக்கான படங்களைத் தயார்செய்து கொடுப்பது எங்கள் பங்கு.

அது என்ன வேலை என்று சொன்னால்தான் நான் செய்தது புரியும். வானத்தின் ஒரு சிறு துண்டை முதலில் படம் எடுப்பார்கள். அதில் மங்கலான கேலக்ஸிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் ஒளியையும் நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரியும். ஒன்றொன்றாகப் பார்த்தால் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மெல்லிய உலோகத் தகடு ஒன்றில், வேண்டிய கேலக்ஸிகள் விழும் இடங்களில் மட்டும் சிறு சிறு கீறல்களை வெட்டித் தொலைநோக்கிக்குள் வைப்பார்கள். முப்பது நாற்பது கேலக்ஸிகளின் ஒளி ஒரே நேரத்தில் உள்ளே வரும். மற்ற ஒளியெல்லாம் தகட்டில் பட்டு நின்றுவிடும். கீறல் ஒவ்வொன்றும் நகக்கனம்கூட இராது. தகடு இம்மி திரும்பினாலும் கேலக்ஸி ஓரிடத்தில், கீறல் ஓரிடத்தில் என்று ஆகிவிடும்.

அப்படி ஆகாமல் இருக்கத்தான் தகட்டில் மூன்று சதுரத் துளைகள். ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரத்துக்கு. மூன்று நட்சத்திரங்களும் அதனதன் துளையின் நடுவே நின்றால் தகடு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எந்த மூன்று, அவை எங்கே இருக்கின்றன என்பதைப் படத்தைப் பார்த்து அளந்து எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் அங்கே தகட்டை வெட்டுவார்கள்.

அளந்து எழுதியவர் அந்தப் பெண். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக ஆராய்ச்சிப் பணியில் இருந்தார். லால்குடியிலிருந்து தினமும் வந்து போவார். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது ‘நீ’தான், ‘அம்மா’தான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே இடத்தைப் பல வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைத் திரையில் மாற்றி மாற்றிக் காட்டவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். எல்லாம் அசையாமல் நிற்கும். எது இடம் பெயர்ந்திருக்கிறதோ அது மட்டும் துள்ளும்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் என் மேஜைக்கு வந்தார்.

“சார், மூணாவது ஸ்டார் குதிக்குது சார்.”

“ஸ்டார் குதிக்கல. உன் கண்ணு குதிக்குது. போய் ஒரு காபி குடிச்சிட்டு வந்து பாரு.”

“ரெண்டு காபி ஆச்சு சார். இப்பவும் குதிக்குது.”

போய்ப் பார்த்தேன். ஐம்பது வருடத்துக்கு முந்தைய படம் ஒன்று, பதினைந்து வருடத்துக்கு முந்தையது ஒன்று. அந்தப் பிரகாசமான நட்சத்திரம் உண்மையில் துள்ளியது. பூமிக்குக் கொஞ்சம் அருகில் இருக்கிற நட்சத்திரங்கள் அப்படி மெல்ல நகரும். எங்களுக்காக எடுத்த புதிய படத்தில் பார்த்துவிடலாம் என்றால், அந்த நட்சத்திரம் சரியாகக் காமிராவில் ஒளியைப் பதிகிற இரண்டு சிப்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் விழுந்து காணாமல் போயிருந்தது.

“பழைய படத்து இடத்தை நம்ப முடியாது சார். பக்கத்துலயே மங்கலா ஒண்ணு இருக்கு. புதுப் படத்துல நல்லா தெரியுது. அதைப் போட்டுட்டேன்.”

“மங்கலானதைப் போட்டா, அது தெரியறதுக்கே அங்க பத்து நிமிஷம் காத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். என்ன நெனைப்பாங்க நம்மள?”

“பத்து நிமிஷம் போனா போவட்டும் சார். தப்பாப் போயிடக் கூடாதுல்ல?”

“சரி, உன் இஷ்டம்” என்றேன். அவர் லால்குடிக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. துறையில் யாரும் இல்லை. மதியம் மூன்று மணிக்கு அந்தக் கோப்பைத் திறந்தேன். ஏன் மாற்றினேன் என்று இத்தனை வருடங்களில் எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மையான காரணம் சிறியது. அந்த வெளிநாட்டுக் குழுவின் தலைவர், அவ்வளவு மங்கலான நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, ‘இந்தச் சின்னக் கல்லூரிக்காரர்களுக்கு நல்ல நட்சத்திரம்கூடத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை’ என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அதோடு, இருபத்தைந்து வயதுப் பெண் சொல்லி நான் கேட்பதா என்பதும் இருந்தது. அவர் எழுதிய வரியை எடுத்துவிட்டு, பழைய படத்திலிருந்த பிரகாசமான நட்சத்திரத்தின் வரியைப் போட்டேன். அதே பெயரில் சேமித்தேன். அனுப்பினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கோப்பின் தலைப்பில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதை மட்டும் மாற்றவில்லை.

அங்கே இரவு என்றால் இங்கே பகல். அந்த நாள் வந்தபோது நானும் அவரும் துறையில் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் மாணவர்கள் வண்டிகளை நிறுத்துகிற சத்தம். காலை ஒன்பதரைக்கு மலையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு நட்சத்திரங்கள் துளையின் நடுவில் நிற்கின்றன, மூன்றாவது ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது, எதை நம்புவது, உடனே சொல்லுங்கள் என்று.

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ‘மூன்றாவதை விட்டுவிடுங்கள், மற்ற இரண்டை வைத்து நிறுத்துங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் மிச்ச இரவு பிழைத்திருக்கும்.

“என்ன சார் மெயில்? வந்துடுச்சா?” என்று அவர் எதிர் மேஜையிலிருந்து கேட்டார்.

அந்த ஒரு வரியை எழுதினால், மூன்றாவது எப்படிப் பட்டியலுக்குள் வந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். நான் எழுதியது இது: ‘எங்கள் பட்டியலைச் சரிபார்க்கிறோம். உங்கள் பக்கமும் மறுபடி பாருங்கள்.’ அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மூன்றுக்கும் பொதுவாகத் தகட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்து ஒளியை வாங்கினார்கள். பெரும்பாலான கீறல்களில் வந்தது வெறும் இருட்டு. வரியை மாற்றியதைக்கூட அகம்பாவம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தக் காலையில் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது.

மத்தியானம் அவரே கோப்பைத் திறந்து பார்த்தார். துள்ளுகிற நட்சத்திரம் அதில் இருந்தது. அந்த வாரம் அவர் இரண்டு பட்டியல்கள் வைத்திருந்தார். பிரகாசமானதோடு ஒன்று, மங்கலானதோடு ஒன்று. முகம் வெளுத்துவிட்டது.

“ரெண்டையும் மாத்தி சேவ் பண்ணிட்டேன் போல இருக்கு சார். நான்தான் சார். எப்படின்னே தெரியல.” அழுதார்.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சரி விடும்மா. இனிமே எதையும் மூணு தடவை பாரு.”

நான் சேமிக்கும்போது கணினி பழைய வடிவத்தையும் தானாக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தது. அன்று மாலை அவர் போனபின் அதைத் தேடி எடுத்து அழித்தேன். அழிப்பதற்கு முன் இரண்டு கோப்புகளையும் ஒரு சிடியில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. குழுத் தலைவருக்கு, ‘அனுபவம் குறைந்த ஒருவர் தயாரித்த பட்டியல், வருந்துகிறோம்’ என்று எழுதினேன். அந்த வருடம் அந்தப் பெண்ணின் பணியைப் புதுப்பிக்கும் படிவத்தில் என் கருத்துக்கு ஒரு வரி இடம் இருந்தது. ‘கவனம் போதாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதுப்பிக்கவில்லை. போகும்போது எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சென்ற ஆண்டு எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. தில்லை நகரில் டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். ஸ்கூல் விட்ட நேரம். நிற்க இடமில்லை.

“சார்! சார், இங்க வாங்க. உக்காருங்க சார்.”

குரலை வைத்துத்தான் அந்தப் பெண் என்று தெரிந்தது. எழுந்து இடம் கொடுத்தார். பக்கத்து இருக்கையில் அவரோடு வேலை பார்க்கும் இன்னோர் ஆசிரியை. என்னை யாரென்று அறிமுகம் செய்துவைத்தார். ஒரு பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சராக இருப்பதாகவும், திருவானைக்காவலில் வீடு என்றும் சொன்னார்.

“இவங்க பேரே மூணு தடவை டீச்சர்தான் சார்” என்றார் அந்த ஆசிரியை. “லேப்ல எந்த ரீடிங் எடுத்தாலும் மூணு தடவை. பிள்ளைங்க அழுவுதுங்க. இந்த பஸ்ல லேடீஸுக்குக் காசே கிடையாது. அந்த ஃப்ரீ டிக்கெட்டையே மூணு தடவை பாப்பாங்க, பாருங்க.”

கையில் டிக்கெட் இருந்தது. அவரும் சிரித்தார். பிறகு குனிந்து, மற்றவர் காதில் விழாதபடி சொன்னார்: “அன்னிக்கு நான் ஒரு தடவை ஒழுங்காப் பாத்திருந்தா உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் வந்திருக்காது சார். நெனைச்சாலே ஒரு மாதிரி இருக்கும். எப்பவாச்சும் பாத்தா ஸாரி சொல்லணும்னு இருந்தேன்.”

பஸ் காவிரிப் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. அவர் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் கேட்ட மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். “அதெல்லாம் பழசு” என்றேன். மாம்பழச்சாலையில் இறங்கிவிட்டேன். என் வீடு ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில். வெயிலில் அவ்வளவு தூரமும் நடந்தேன்.

கண்ணில் சொட்டு மருந்து விடும்போது மனைவியிடம் சொன்னேன். புட்டி அவள் கையிலேயே இருந்தது.

“என்கிட்டகூட சொல்லலியே இத்தனை வருஷமா?”

“யார்கிட்டயும் சொல்லல.”

“கண்ணு ஆறட்டும், சிடி கிடைக்கட்டும்னு நாள் கடத்தாதீங்க. எனக்குத் தெரியாதா உங்களை.”

நாள் கடத்தினேன். இருபத்து நான்கு நாள். சிடி முதல் நாளே கிடைத்துவிட்டது. கீழச் சித்திரை வீதியில் ஒரு கடையில் இரண்டு கோப்புகளையும், அவை சேமிக்கப்பட்ட நாளும் நேரமும் தெரியும்படி அச்செடுத்தேன். “என்ன சார், லாட்டரி ரிசல்ட்டா?” என்றார் கடைக்காரர், வெறும் எண்களைப் பார்த்துவிட்டு.

ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குத் திருவானைக்காவல் போய், விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய கணவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், கலகலப்பான மனிதர். “வாங்க சார், வாங்க. எங்க வீட்டம்மாவோட குரு! சார், நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும். வெளிய கிளம்பினா கேஸ் மூணு தடவை, பூட்டு மூணு தடவை. போன மாசம் ட்ரெயினே போயிடுச்சு. ரயில்வேக்காரன் பொண்டாட்டியால ரயிலை விட்டேன்னு வெளிய சொல்ல முடியுமா?”

அந்தப் பெண் காபி கொண்டுவந்து வைத்தார். தாள்களைக் கொடுத்தேன். எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னேன்: “அந்த லிஸ்ட்டை மாத்தினது நான். நீங்க சரியாத்தான் சேவ் பண்ணியிருந்தீங்க. சனிக்கிழமை நான் மாத்தினேன். மெயில் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்.” முதல் முறையாக அவரை ‘நீங்க’ என்று சொன்னதை நானே கவனித்தேன். அது மரியாதையா, பயமா என்று தெரியவில்லை.

கணவர் சிரித்த முகத்தை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே இருந்தார். அந்தப் பெண் இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“எத்தனை மணி சார்?”

“மூணு. அதுலயே இருக்கு.”

“சனிக்கிழமை மூணு மணிக்கு நான் லால்குடியில எங்கம்மாவோட கடைக்குப் போயிருந்தேன்.” தாளிலிருந்து நிமிர்ந்தார். “அந்த ஸ்டார் குதிச்சுதுல்ல சார்?”

“குதிச்சுது. நீங்க சொன்னது சரி.”

“நான் அழுதப்ப நீங்க எதிர்லதான உக்காந்திருந்தீங்க.”

“ஆமா.”

“மூணு தடவை பாருன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

குழுத் தலைவருக்கு எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த இடங்களில் ஆராய்ச்சிப் பணிக்குச் சொல்கிறேன் என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “எனக்கு நாப்பத்திரண்டு வயசு ஆகுது சார். இப்ப போய் யாரு எடுப்பாங்க? எழுதறதுன்னா எழுதுங்க. எனக்காகன்னு எழுதாதீங்க. நடந்ததை எழுதுங்க.” பிறகு, “காபி ஆறிடுச்சு. நீங்க கிளம்புங்க சார்” என்றார். தாள்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கணவர் வாசல்வரை வந்து கேட்டை மூடினார்.

எழுதினேன். அந்தக் குழுத் தலைவரும் ஓய்வுபெற்றுவிட்டார். இரண்டு வரியில் பதில் வந்தது: ‘நீண்ட காலத்துக்கு முந்தைய விஷயம். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.’ மறுபடி எழுதினேன், என் மனது இல்லை கேள்வி என்று. அந்த இரவின் தரவுகளோடு இணையத்தில் கிடக்கும் குறிப்பில், ‘தயாரித்தவரின் பிழை’ என்று இருந்ததைத் திருத்தக் கேட்டேன். நான்கு மாதம் கழித்து, மூன்றாவது நட்சத்திரம் தயாரித்தவரின் எச்சரிக்கையை மீறி என்னால் மாற்றப்பட்டது என்று என் பெயரோடு சேர்த்தார்கள். உலகத்தில் யாரும் படிக்காத குறிப்பு அது. எங்கள் துறையின் பழைய ஆசிரியர்கள் கூடிச் சாப்பிடும் நாளில் எழுந்து நின்று சொன்னேன். இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தது. “எதுக்கு சார் இப்ப அதெல்லாம்? உக்காருங்க” என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அந்தப் பெண்ணின் பணியைப் புதுப்பிக்காத கூட்டத்தில் இருந்தவர் ஒருவர் மட்டும் அதன்பின் என்னோடு பேசவில்லை.

திருத்திய குறிப்பை அந்தப் பெண்ணுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

போன மாதம் மறுபடி சத்திரத்தில் அதே நேரத்துக்குப் பஸ் ஏறினேன். தற்செயல் என்று சொல்ல மாட்டேன். கூட்டம். இரண்டாவது இருக்கையில் ஜன்னல் ஓரமாக அவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அதே ஆசிரியை. என்னைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். பக்கத்து ஆசிரியை, “உங்க சார்” என்று எழுந்திருக்கப் போனார். அவர் அந்த அம்மாவின் கையில் தன் கையை வைத்தார். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார். அவர் அதை வாங்கி, பார்க்காமலே கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருவானைக்காவலில் அவர் இறங்கும்போது என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒதுங்கி வழி விட்டேன். அவர் இறங்கிப் போனார். காலியான அந்த இடத்தில் உட்காரச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டு, ஸ்ரீரங்கம் வரை நின்றுகொண்டே போனேன்.